தோட்டத்து பங்களா பியானோவுக்கு என்ன விலை?

கேள்வி: எங்கள் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக இருந்தவர். தோட்டம் கைமாறியபோது பெரிய துரை பங்களாவின் சாமான்களை விற்றார்கள். அப்படி எங்கள் வீட்டுக்கு வந்ததுதான் இந்தப் பியானோ. பல வருடங்களாக யாரும் வாசிக்கவில்லை. உள்ளே 'ஸ்வாண்டர்' என்று ஒரு பெயர் இருக்கிறது. கட்டைகளை மூடும் பலகையின் உட்பக்கம் தங்க எழுத்தில் 'அண்ட் சன்ஸ், லண்டன்' என்பது மட்டும் தெரிகிறது. அதற்கு முந்திய பெயர் அழிந்துவிட்டது. ஓரத்தில் சிங்கப்பூர்க் கடை ஒன்றின் சிறிய பித்தளைத் தகடு. முன்பலகையின் இரண்டு பக்கமும் பழைய ஸ்குரூ ஓட்டைகள். மரத்தில் ஐந்து இலக்க எண். பழைய சாமான் லோரிக்காரர் 500 வெள்ளி தருகிறேன் என்கிறார். இன்னொருவர், "நூறு வருடப் பழசு, தந்தக் கட்டை, 15,000 வெள்ளிக்குக் குறையாது" என்கிறார். இருவருமே திறந்து பார்க்கவில்லை. இதைச் செய்தது யார், என்ன பெறும், என் பத்து வயது மகள் இதில் பழகலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

திறந்து பார்க்காமல் சொன்ன விலை எதுவும் விலை இல்லை. 500, 15,000 இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். செய்தவர் பெயரைக் கண்டுபிடித்தால் பியானோவின் வரலாறு தெரியும். அதன் மதிப்போ பெரும்பாலும் உள்ளே கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் ஆணிகளைப் பொறுத்தது. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் ஸ்வாண்டர். உங்கள் பியானோவைச் செய்தவர் பெயர் அதுவல்ல. கட்டையை அழுத்தினால் சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்டிவிட்டுத் திரும்புகிறதே, அந்த மரப் பொறிக்கு 'ஆக்‌ஷன்' என்று பெயர். பாரிஸில் அதை மட்டும் செய்து பல நாட்டுப் பியானோ கம்பெனிகளுக்கு விற்றவர்கள் ஸ்வாண்டர். ஜெர்மனியின் ரென்னர், லாங்கர் பெயர்களும் அந்த வகைதான். திறந்ததும் கண்ணில் படுவது இந்தப் பெயர் என்பதால் விற்பவர்கள் பலர் இதையே தயாரிப்பாளர் என்று விளம்பரத்தில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் காலக் கணக்குக்கு இந்தப் பெயர் உதவும். ஸ்வாண்டரின் வாரிசு நிறுவனம் 1920இல் லண்டன் புரூக்ஸோடு சேர்ந்து 'ஹெர்பர்கர் புரூக்ஸ்' ஆனது. உங்களுடையதில் அந்தக் கூட்டுப் பெயர் இருந்தால் பியானோ 1920க்கு முந்தியதாக இருக்க முடியாது.

அதேபோல் பித்தளைத் தகட்டில் உள்ள சிங்கப்பூர்க் கடை விற்ற கடை, செய்த கடை அல்ல. ராபின்சன் பியானோ கம்பெனி போன்ற கடைகள் அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பியானோக்களைத் தருவித்து விற்றன. சில கடைகள் தங்கள் பெயரையே முகப்பில் போட்டும் விற்றதுண்டு. இந்தப் பக்கம் கிடைக்கும் பழைய பியானோக்களில் 'மூட்ரி' என்று இருந்தால் மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். அவர்கள் ஷாங்காயில் சொந்தமாகவே பியானோ செய்தவர்கள்.

இனி திறப்பது எப்படி என்று பார்ப்போம். மேல்மூடியைத் தூக்கிப் பின்னால் சாய்த்தால், முன்பலகையின் மேல்மூலைகளில் உட்பக்கமாகத் திருகும் சிறிய மரக் கட்டையோ கொக்கியோ இருக்கும். இரண்டையும் திருப்பிவிட்டால் பலகை முன்னால் சாய்ந்து மேலே எழும்பி வந்துவிடும். கனமாக இருக்கும், இரண்டு பேர் பிடியுங்கள். முழங்கால் பக்கத்துக் கீழ்ப்பலகையை மேலே நடுவில் ஒரு எஃகுப் பட்டை வில் பிடித்திருக்கும். அதை விரலால் மேல்நோக்கி அழுத்தினால் பலகை வெளியே சாயும். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். இதற்கு மேல் எதையும் கழற்ற வேண்டாம். ஆக்‌ஷனையும் கட்டைகளையும் உருவுவது பழகிய கையின் வேலை.

அழிந்த பெயரைப் படிக்க ஒரு வழி உண்டு. இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச் லைட்டைப் பலகையோடு ஒட்டிப் படுக்க வைத்து ஒளியைப் பக்கவாட்டில் ஓடவிடுங்கள். தங்கப் பொடி உதிர்ந்திருந்தாலும் எழுத்து இருந்த இடத்து வார்னிஷின் பளபளப்பு சுற்றியுள்ள இடத்தோடு ஒத்துப்போகாது. எழுத்தின் நிழல் தெரியும். கைப்பேசியில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பாருங்கள். அதுவரை பாலிஷ், தேங்காய் எண்ணெய், சோப்புத் தண்ணீர் எதுவும் அந்தப் பலகையில் படக்கூடாது. ஒருமுறை தேய்த்தால் மிச்சமிருக்கும் தடமும் போய்விடும்.

லண்டனில் 'அண்ட் சன்ஸ்' என்று முடிந்த பெயர்களில் இந்தப் பக்கம் முதலில் தேட வேண்டியவை மூன்று: ஜான் பிராட்வுட், ஜான் பிரின்ஸ்மீட், ஜார்ஜ் ராஜர்ஸ். ராஜர்ஸ் ஆங்கிலத்தில் ஆறே எழுத்து, இடைவெளியைப் பார்த்தே பிரித்துவிடலாம். மற்ற இரண்டும் 'பி'யில் தொடங்கும் ஒன்பது எழுத்துப் பெயர்கள். அங்கேதான் ஏமாறுவோம். சிறிய எழுத்தில் எழுதியிருந்தால் பிராட்வுட்டில் ஐந்தாவது எழுத்தும் ஒன்பதாவது எழுத்தும் மேல்நோக்கி நீளும் 'டி'. பிரின்ஸ்மீட்டில் கடைசி எழுத்து மட்டுமே அப்படி நீளும், மூன்றாவது எழுத்தின் மேல் ஒரு புள்ளி இருக்கும். நிழலில் இவ்வளவு தெரிந்தாலே போதும்.

அடுத்தது எண். பழைய பியானோவில் எண்கள் நிறைய இருக்கும், எல்லாம் வரிசை எண் ஆகிவிடாது. கம்பிகளின் இழுவையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து வார்த்து மேடாக நிற்கும் எண் வார்ப்பு அச்சின் எண். ஆக்‌ஷனில் உள்ளது ஆக்‌ஷன் செய்தவரின் எண். 'பேட்டன்ட்' என்ற சொல்லை அடுத்து வருவது காப்புரிமை எண். மரத்தில் குத்தியோ, சட்டத்தில் மையால் அச்சிட்டோ, குறைந்தது இரண்டு இடத்தில் ஒரே மாதிரி வரும் எண்ணே உங்களுக்கு வேண்டியது. மேல்மூடிக்குக் கீழே பக்கப் பலகையின் மேல்விளிம்பு, ஆணிகள் இருக்கும் பகுதி, பின்புறத் தூண்கள் ஆகிய மூன்று இடத்திலும் பாருங்கள். பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் டியூனர் வரும்போது இடது ஓரத்து முதல் கட்டையை உருவச் சொல்லுங்கள். அதன் பக்கவாட்டில் எண்ணோடு, செய்த தொழிலாளியின் கையெழுத்தும் தேதியும் பென்சிலில் இருப்பதுண்டு. அப்படி ஒரு தேதி கிடைத்தால், வரிசை எண்ணை வைத்து வருடம் காணும் பட்டியல் எதுவும் தேவையில்லை.

பெயரும் எண்ணும் சேர்ந்து கிடைத்தால்தான் வருடம் கிடைக்கும். எண் மட்டும் இருந்தால் பயனில்லை, ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக எண்ணியிருக்கிறது. பிராட்வுட் இன்னும் ஒரு படி சிக்கல்: பியானோவின் வகைக்கு ஒரு வரிசையாக எண் கொடுத்தவர்கள். அவர்களுடைய பழைய கணக்குப் புத்தகங்கள் இங்கிலாந்தில் வோகிங் நகரத்து சர்ரே வரலாற்று மையத்தில் இருக்கின்றன. வகையையும் எண்ணையும் படத்தோடு எழுதிக் கேட்கலாம்.

பெயரே கிடைக்காவிட்டாலும் காலத்தை ஓரளவு நெருங்கிவிடலாம். முகப்பில் கண்காட்சிப் பதக்கங்கள் அச்சிட்டிருந்தால் கடைசிப் பதக்கத்தின் வருடத்துக்கு முன்னால் பியானோ செய்யப்பட்டிருக்க முடியாது. அது செய்த வருடம் என்று பொருள் கொள்ளாதீர்கள், 1878 பாரிஸ் பதக்கத்தைப் பல வருடம் கழித்தும் பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள். அரச முத்திரையோடு 'ராணிக்கு' என்று இருந்தால் பெரும்பாலும் 1901க்கு முன்பு அல்லது 1952க்குப் பின்பு. 'மன்னருக்கு' என்றால் பெரும்பாலும் இடைப்பட்ட காலம். 'மேட் இன் ஜெர்மனி' என்ற வாசகம் 1887இன் பிரிட்டிஷ் வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிறகு வந்தது. நீங்கள் சொன்ன ஸ்குரூ ஓட்டைகள் பெரும்பாலும் மெழுகுவத்தித் தாங்கிகள் இருந்த இடம். விக்டோரியா, எட்வர்டு காலத்துப் பியானோக்களில் சாதாரணம். வெள்ளைக் கட்டைகளை எண்ணுங்கள்: 52 என்றால் மொத்தம் 88, 50 என்றால் மொத்தம் 85. 85 கட்டையை வைத்து மட்டும் வயதைச் சொல்லிவிட முடியாது, இருபதாம் நூற்றாண்டிலும் அப்படிச் செய்தார்கள்.

சிங்கப்பூர்த் தகட்டையும் விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன் போன்ற பழைய நாளிதழ்களை 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' தளத்தில் இலவசமாகத் தேடப் போட்டிருக்கிறது. கடைப் பெயரையும் தகட்டில் உள்ள தெருப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். கடைகள் இடம் மாறியபடி இருந்தன. உங்கள் தகட்டின் முகவரியில் அந்தக் கடை எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை விளம்பரம் செய்தது என்று பார்த்தால் பியானோ மலாயாவுக்கு வந்த காலம் ஒரு சிறிய இடைவெளிக்குள் அடங்கிவிடும். துரைமார் ஊர் திரும்பும்போது பங்களா சாமான்களை ஏலம் விட்ட விளம்பரங்களிலும் இன்னார் செய்த பியானோ என்று பெயர் போட்டிருப்பார்கள். தோட்டத்தின் பழைய பெயரைக் கொடுத்துத் தேடினால் அதிர்ஷ்டம் இருந்தால் உங்களுடையதே அகப்படலாம். அப்பா வாங்கிய ரசீது, தோட்ட ஆபீஸ் கடிதம் ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். விலையைப் பெரிதாக உயர்த்தாது, ஆனால் இந்தப் பியானோவின் கதைக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

இப்போது மதிப்பு. முன்பலகையைக் கழற்றியதும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். சுத்தியல்களுக்கு முன்னால் மெல்லிய கம்பிகள் கூண்டு போல நெடுக நிற்கின்றனவா? அப்படியென்றால் ஒலியை நிறுத்தும் டேம்பர்கள் சுத்தியலுக்கு மேலே இருக்கின்றன என்று பொருள். கம்பியின் அதிர்வு குறைவான ஓரத்தில் அமர்வதால் அவை ஒலியைச் சுத்தமாக நிறுத்துவதில்லை. சரிசெய்வதும் கடினம், பல டியூனர்கள் கையே வைக்கமாட்டார்கள். அடுத்து, கம்பிகள் எல்லாம் ஒரே திசையில் நேராக இறங்குகின்றனவா, அல்லது தடித்த கம்பிகள் மற்றவற்றின் மேல் குறுக்காக ஓடுகின்றனவா? குறுக்காக ஓடுவது நல்லது. மூன்றாவது, இரும்புச் சட்டம் ஆணிகள் இருக்கும் மேல்பகுதி வரை மூடியிருக்கிறதா, பாதியில் நின்று மேலே மரம் தெரிகிறதா? கூண்டு, நேர்க்கம்பி, பாதிச் சட்டம் மூன்றும் சேர்ந்தால் பெயர் எவ்வளவு பெரிதானாலும் வாசிப்பவர்கள் சந்தையில் அதற்குக் கிட்டத்தட்ட விலை இல்லை. வயது ஏறினால் விலை ஏறும் என்பது பியானோவுக்குப் பொருந்தாது.

மூன்றும் சாதகமாக இருந்தால் கேள்வி ஆணிகளுக்கு வருகிறது. வீணைக்குப் பிரடை எப்படியோ அப்படி இதற்குச் சுருதி ஆணி. இருநூற்றுக்கு மேல் இருக்கும். எல்லாம் கடின மரப் பலகை ஒன்றில் வெறும் உராய்வால் நிற்கின்றன, மொத்தக் கம்பிகளின் இழுவையோ பல டன். நம் ஊர் ஈரத்தில் அந்தப் பலகை ஊறி, காய்ந்து, மீண்டும் ஊறித் துளைகள் தளர்ந்துபோகும். ஆணி நிற்காவிட்டால் இன்று சேர்த்த சுருதி அடுத்த வாரம் இருக்காது. கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளங்கள்: ஆணியைச் சுற்றி அட்டையோ உப்புத்தாளோ செருகியிருப்பது, சில ஆணிகள் மட்டும் மற்றவற்றைவிட ஆழமாக அடிக்கப்பட்டிருப்பது, நடுநடுவே தடித்த புது ஆணிகள். இவை யாரோ ஒருமுறை போராடிப் பார்த்ததற்கான தடங்கள். உறுதியாகச் சொல்ல டியூனர் தன் சாவியைப் போட்டுத் தடித்த பகுதி, நடு, மேல் என்று சில ஆணிகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தளர்ச்சி கொஞ்சம் என்றால் தடித்த ஆணியோ மெல்லிய பசையோ போட்டுச் சமாளிக்கலாம். பலகையே வெடித்திருந்தால் செலவு பியானோவின் விலையைத் தாண்டும்.

கம்பி தாங்கும் குதிரையிலும் ஒலிப்பலகையிலும் வெடிப்பு இருக்கிறதா என்று கீழ்ப்பலகையைத் திறந்து பாருங்கள். ஒலிப்பலகையில் மெல்லிய வெடிப்பு தனியாகப் பெரிய குறை இல்லை. குதிரையில் கம்பிகளைப் பிடிக்கும் சிறு ஆணிகளை ஒட்டிய வெடிப்பு பெரிய குறை. கரையான் பின்பக்கத் தூணில் மண்கோடு போட்டிருக்கிறதா, அடிப்பலகையில் மாவு போல உதிர்ந்திருக்கிறதா என்றும் தட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பளித் துணியான ஃபெல்ட்டை அந்துப்பூச்சி அரித்திருக்கும். பழைய பியானோவில் மரங்களை ஒட்டியது வஜ்ஜிரம், வெக்கையும் ஈரமும் அதை இளக்கும். பூமத்திய ரேகை நாடுகளுக்கென்று செய்தவற்றில் ஒட்டோடு பித்தளை ஸ்குரூவும் போட்டிருப்பார்கள். கட்டைகளின் ஓரத்திலும் பலகை இணைப்புகளிலும் பித்தளைத் தலைகள் தெரிந்தால் அது நல்ல செய்தி.

அழுத்திய கட்டை எழும்பாவிட்டால் பயப்பட வேண்டாம். கட்டையே இறுகி நின்றால் அதன் துளையில் உள்ள ஃபெல்ட் ஈரத்தில் ஊதியிருக்கிறது. கட்டை எழும்பியும் சுத்தியல் கம்பியின் பக்கமே நின்றால் சுத்தியலின் அச்சில் களிம்பு பிடித்திருக்கிறது. இரண்டையும் டியூனர் சரிசெய்வார். துருநீக்கி ஸ்ப்ரே, தையல் மிஷின் எண்ணெய் எதையும் அடிக்காதீர்கள். எண்ணெய் ஊறிய ஃபெல்ட்டை மாற்றத்தான் வேண்டும்.

தந்தக் கட்டை என்ற பேச்சைப் பார்ப்போம். வெள்ளைக் கட்டையின் மேல்தகட்டில், அகலப் பகுதியும் ஒடுங்கிய பகுதியும் சேரும் இடத்தில் மயிரிழைக் கோடு இருந்து, சாய்த்துப் பார்த்தால் மெல்லிய ரேகைகளும் தெரிந்தால் தந்தம். கோடில்லாமல் ஒரே தகடாக இருந்தால் செல்லுலாய்டு. தந்தம் என்றால் விலை கூடும் என்பது தவறு, விற்பதே சிக்கலாகும். ஆசிய யானையும் ஆப்பிரிக்க யானையும் அனைத்துலக வாணிபக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, மலேசியாவில் அதற்கு 2008ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. கைமாற்றும் முன் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் கேட்டுவிடுங்கள். கட்டைத் தகடுகளை மட்டும் உரித்துத் தருமாறு யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

விலை போடும் கணக்கு இதுதான். அதே வகைப் பியானோ பழுது பார்த்த நிலையில் கைமாறும் விலையிலிருந்து பழுதுச் செலவையும் லோரிக் கூலியையும் கழியுங்கள். கைமாறிய விலை என்கிறேன், விளம்பரத்தில் கேட்ட விலை அல்ல. பழைய சாமான் விற்கும் முடா இணையத் தளத்தில் மாதக் கணக்காக நிற்கும் விளம்பரம், அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதற்கான சான்று. இங்கே இரண்டாம் கைச் சந்தையை ஆள்வது ஜப்பான் பியானோக்கள், குறிப்பாக யமஹா யூ1, யூ3. அவற்றின் வரிசை எண் இரும்புச் சட்டத்திலேயே இருக்கும்: எண் 10 லட்சத்தை ஒட்டியிருந்தால் 1970 வாக்கில் செய்தது, 30 லட்சத்தை ஒட்டியிருந்தால் 1980 வாக்கில் செய்தது. ஐரோப்பியப் பழசில் இவற்றோடு போட்டி போடக்கூடியவை பெக்ஸ்டைன், புளூத்னர், ஸ்டைன்வே போன்ற சில பெயர்கள்தான், அவையும் ஆணி நின்றால் மட்டுமே. எனவே 15,000 வெள்ளியை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள். 500 வெள்ளி சந்தைக்கு ஒத்த விலையாகவே இருக்கலாம். ஆனால் அது பெயர் தெரியாத, திறந்து பார்க்காத பியானோவுக்கான விலை. பெயரும் ஆணியும் தெரியும் வரை லோரியில் ஏற்ற விடாதீர்கள்.

மகள் பழகலாமா என்பதற்கு டியூனரின் ஒரு வருகை பதில் சொல்லிவிடும். ஈப்போவிலிருந்து ஒருவரை வரவழையுங்கள், பரிசோதனைக் கூலியைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், விலைக்கு வாங்கும் வியாபாரியாக அவர் இருக்கக்கூடாது. கேட்க வேண்டியவை: ஆணி நிற்குமா, ஏ சுரம் இன்றைய பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸுக்குப் போகுமா, எத்தனை கம்பி அறும் என்று எதிர்பார்க்கிறார். பல வருடம் கிடந்தது அரைச் சுரம் இறங்கியிருக்கலாம். அரைச் சுரம் ஏற்றினால் ஒவ்வொரு கம்பியிலும் இழுவை சுமார் 12 சதவீதம் கூடும், துருப்பிடித்த கம்பி அங்கேதான் அறும். ஏற்றுவதானால் இரண்டு மூன்று தவணையாக ஏற்றட்டும். ஏற்ற முடியாது என்றால் இறங்கிய சுருதியிலேயே தனக்குள் சேர்த்து வைக்கலாம், பாடல் வாசிக்கப் போதும். ஆனால் தேர்வுக்குப் பழகும் பிள்ளைக்கு அது போதாது. காதில் ஒரு சுருதி பதிந்து, தேர்வறையில் வேறு சுருதி கேட்டால் குழந்தை தடுமாறும். அந்த நிலையில் மகளுக்கு நல்ல ஜப்பான் பியானோ ஒன்றை வாடகைக்கோ விலைக்கோ எடுத்துவிட்டு, அப்பாவின் பியானோவை அதற்குரிய மரியாதையோடு தனியாக வையுங்கள்.

வைக்கும் இடம்: வெயில் விழாத உட்சுவர், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஏர்கண்டிஷனை இரவு மட்டும் போட்டுப் பகலில் நிறுத்தும் அறையில் வேண்டாம், ஏறி இறங்கும் ஈரம்தான் நிலையான ஈரத்தைவிட மோசம். கீழ்ப்பலகைக்குள் பியானோவுக்கென்றே விற்கும் 25 வாட் அளவு சூடேற்றும் குழாயை டியூனரையே பொருத்தச் சொல்லி, நாள் முழுக்க எரியவிடுங்கள். நகர்த்த வேண்டி வந்தால் 200 கிலோ கனம் என்று வைத்து நான்கு ஆள் பிடிக்க வேண்டும். பழைய சிறு சக்கரங்களில் உருட்டினால் பியானோவின் கால் முறியும், அடியில் பலகை வண்டி கொடுக்கச் சொல்லுங்கள்.